கேபின் மேலே போன ஐந்து நொடி

அனுப்புநர்
தேர்வுப் பதிவெண் 41,
இயற்பியல் முதல் தாள் (இயக்கவியலும் அலைகளும்), காலை வகுப்பு.
தொழில்: லிஃப்ட் பராமரிப்பு மெக்கானிக்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
கல்லூரித் தேர்வுப் பிரிவு,
முதல் மாடி, அறை எண் 12.

பொருள்: ஏழாம் வினாவின் (இ) பிரிவுக்கு நான் எழுதிய விடையைத் தேர்வாளருக்கு விடுத்த வேண்டுகோள் என்று கருதித் தாளை ரத்து செய்தது – அது வேண்டுகோள் அல்ல என்று தெரிவித்தல் – அவ்விடையைப் பாடம் அறிந்த ஒருவர் படித்துத் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வு ஒழுங்கு விசாரணைக் குழுவின் ஆணை, நாள் ஜூன் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனு நீளமானது. சுருக்கி எழுத இரண்டு முறை முயன்றேன். சுருக்கினால் விசாரணைக் குழு ஏற்கெனவே புரிந்துகொண்டதுதான் மறுபடி வருகிறது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும்.

1. எனக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு ஆண்டுகளாக லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். என் தங்கையின் கணவருக்கும் அதே வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவர். பதினோரு ஆண்டுகள் இருவரும் ஒரே ஜோடியாக வேலை பார்த்தோம். ஒருவர் உச்சியில் மெஷின் ரூமில் இருந்தால் மற்றவர் கேபினின் கூரை மேல் இருப்பார். யார் எங்கே என்பதை அன்றன்று பேசிக்கொள்வோம். லிஃப்ட் சோதனையாளர் உரிமம் வேண்டுமானால் இந்தக் கல்லூரியின் இயற்பியல் முதல் தாளில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, விண்ணப்பம் வாங்கி வந்தவர் அவர்தான். என்னுடையதையும் அவரே நிரப்பினார். "கையெழுத்து மட்டும் போடுங்க மச்சான், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு 41, அவருக்கு 42 என்று எண் கிடைத்தது.

2. வகுப்பு காலை ஏழு மணிக்கு. மற்றவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். நாங்கள் இருவரும் கிரீஸ் கறை போகாத சீருடையில் கடைசி வரிசையில் உட்காருவோம். முதல் வாரமே எங்களுக்கு லிஃப்ட் அண்ணன்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் வருத்தம் இல்லை. இரண்டாம் வாரம், தடையின்றி விழும் பொருளைப் பற்றி நடத்தும்போது ஆசிரியை கயிறு அறுந்த லிஃப்ட்டை உதாரணம் சொன்னார். என் தங்கை கணவர் எழுந்து நின்றார். "டீச்சர், கயிறு அறுந்தா லிஃப்ட் விழாது. ஒண்ணு அறுந்தா இன்னும் நாலு இருக்கு. அஞ்சும் அறுந்தாலும் ரெயிலைக் கவ்விப் பிடிக்க அடியில ஒரு சாமான் வச்சிருக்கோம்" என்றார். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "கணக்குல விழும் சார்" என்றார். "சரி டீச்சர், உங்களுக்காக விழட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

3. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை வகுப்பு முடிந்து நேரே வேலைக்குப் போனோம். ஏழு மாடி அலுவலகக் கட்டடம், பழைய லிஃப்ட். கேபினை நான்காம் மாடியில் நிறுத்தி, அவர் கூரை மேல் ஏறிக் கதவு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மெஷின் ரூமில் இருந்தேன். பதினொன்றே கால் மணிக்கு வாட்ச்மேன் படியேறி வந்து வாசலில் நின்றார். "இன்னும் எவ்ளோ நேரம் சார், எல்லாரும் என் உயிரை எடுக்குறாங்க" என்றார். அவருக்குப் பதில் சொல்ல வாசல்வரை போனேன். அப்போது கயிறு ஓடும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிரேக்கின் ஸ்பிரிங் உடைந்தது. தகரத்தைச் சுத்தியலால் ஒரு முறை தட்டியது போலச் சத்தம் கேட்டது.

4. வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கேபினைத் தாங்கும் கயிற்றின் மறுமுனையில் கவுண்டர் வெயிட் என்ற இரும்புப் பாளங்கள் தொங்குகின்றன. காலிக் கேபினைவிட அவை கனம். பாதி ஆட்கள் ஏறினால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். ஆகவே ஒரே ஒருவர் இருக்கும்போது பிரேக் விட்டுப்போனால் கேபின் கீழே வராது, மேலே போகும். கேபின் ஏறி இறங்கும் தடமான ரெயிலைக் கவ்விப் பிடிக்கும் சாமான் அந்தப் பழைய லிஃப்ட்டில் கீழ்நோக்கிப் போகும்போது மட்டுமே வேலை செய்யும்.

அவர் "மச்சான்" என்று ஒரு முறை கூப்பிட்டார். நான் திரும்பி ஓடி, சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து, பிரேக் கையை நெம்பி அழுத்தினேன். நான் அழுத்தியபோது சக்கரம் நின்றிருந்தது. நான் நிறுத்தியதால் நிற்கவில்லை. அதற்கு முன்பே நின்றுவிட்டது. மற்ற விவரங்கள் இந்த மனுவுக்குத் தேவையில்லை.

5. அன்று பிற்பகல் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, உனக்கு நேரமே இல்லையா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வாயில் வந்தது. அவள் நம்பினாள்.

6. மூன்று வாரம் கழித்துப் பாதுகாப்பு ஆய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்தது. ஒன்பது பக்கம். ஸ்பிரிங்கின் உட்புறத்தில் விரிசல் இருந்தது, வெளியில் பார்த்தால் தெரியாது, யார் மீதும் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்திருந்தார்கள். ஆனால் ஆறாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "ஸ்பிரிங் உடைந்தது முதல் கேபின் நின்றது வரை சுமார் பத்து நொடி அவகாசம் இருந்ததாகத் தெரிகிறது, மெஷின் ரூமில் இருந்தவர் பிரேக்கைக் கையால் இயக்கியிருக்க முடியும்."

அந்தப் பத்து நொடி வாட்ச்மேன் சொன்னது. அவர் நல்ல மனிதர். கேட்டார்கள், மனதில் பட்டதைச் சொன்னார். அந்த வரியை எதிர்த்து எழுதலாமா என்று அந்த அலுவலகத்தில் விசாரித்தேன். "உங்க மேலதான் ஆக்‌ஷனே இல்லையே, எதை எதிர்த்து எழுதுவீங்க?" என்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அறிக்கையின் ஒரு படி தங்கை வீட்டுக்கும் போயிருந்தது. நான் போனபோது அது அலமாரியில் மடித்து வைத்திருந்தது. மடிப்பு ஆறாம் பக்கத்தில் இருந்தது. அவள் தட்டை எடுத்து வைத்து, "உக்காரு, சாப்பிடு" என்றாள்.

7. விபத்து நடந்த ஒன்பதாம் நாளே நான் வகுப்புக்குத் திரும்பியிருந்தேன். வேலைக்கு ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. காலை ஏழு மணிக்குப் போக எனக்கு இருந்த ஒரே இடம் இந்தக் கல்லூரி. வருகைப் பதிவேட்டிலிருந்து 42ஆம் எண்ணை நீக்க அலுவலகத்துக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை தினமும் கூப்பிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரன் என்ற முறையில் "வரல" என்று நான் சொல்லிவந்தேன். இது புகார் அல்ல. அது என் வேலை போல ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் எனக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி நாலு நிறுத்தம் போனபின்தான் பஸ்ஸில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வரும். வீட்டில் என் மனைவி ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்வாள். மூன்றாம் தடவை, "சுவத்துக்கிட்டயாவது பேசலாம்" என்று எழுந்து போய்விடுவாள். ஆனால் கரும்பலகையில் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் எழுதினேன். கை பாட்டுக்கு எழுதியது.

8. ஐந்தாம் வாரம் ஆசிரியை பலகையில் ஒரு சக்கரம் வரைந்து, அதன் மேல் ஒரு கயிறு போட்டு, இரண்டு முனையிலும் இரண்டு கட்டங்களைத் தொங்கவிட்டார். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் அவை நகரும் முடுக்கம் வரும் என்று காட்டினார். பதினாறு ஆண்டுகளாக நான் கையால் தொடும் சாமானை அன்றுதான் முதல் முறையாக வெளியிலிருந்து பார்த்தேன். கையைத் தூக்கினேன். "சக்கரத்துக்கும் கனம் இருக்குமே டீச்சர்?" என்று கேட்டேன். விபத்துக்குப் பிறகு, "வரல" என்பதைத் தவிர, வகுப்பில் நான் பேசிய முதல் பேச்சு அது. ஆசிரியை, "இருக்கும். அதைப் பதினோராவது வாரம் சேத்துக்குவோம்" என்றார். பதினோராவது வாரம் வரை காத்திருந்தேன்.

இடையில் வகையீடும் தொகையீடும் வந்தன. பிள்ளைகளுக்கு அது சலிப்பாக இருந்தது. ஒரு நிகழ்ச்சியை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன நடந்தது என்று கேட்டு, பிறகு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளும் முறை எனக்குப் பழகிப்போயிருந்தது. பெயர் தெரியாமல் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

9. பன்னிரண்டாம் வாரம் ஒரு விடுமுறை நாளில், பகலில், அந்தக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் இன்னும் பூட்டித்தான் இருந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உங்களைப் பத்தி நான் தப்பா எதுவும் சொல்லல சார்" என்றார். தெரியும் என்றேன். டேப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டேன். வந்தார்.

அன்று கேபினை நிறுத்தியிருந்த நான்காம் மாடியிலிருந்து, கவுண்டர் வெயிட் அடியில் தட்டும் நிலை வரை கேபின் ஏறிய தூரம் பத்து மீட்டர் இருபது சென்டிமீட்டர். அந்த நிலையில் கேபின் கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். கேபின் அதற்கு மேலும் எழும்பி உரசிய அடையாளம் ரெயிலில் அந்த நிலையிலிருந்து எழுபத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு மெஷின் ரூமுக்குப் போய் வாசலில் நின்றேன். வாட்ச்மேன் தன் போனில் நேரம் பிடித்தார். அவர் கை தட்டியதும் ஓடி, கடப்பாரையை எடுத்து, பிரேக்கில் வைத்து அழுத்தினேன். பதினோரு தடவை செய்தேன். அதிகபட்சம் ஏழு நொடி. குறைந்தபட்சம் ஆறு நொடியும் பத்தில் ஒரு பங்கும். பன்னிரண்டாவதுக்கு நின்றபோது வாட்ச்மேன் போனைக் கீழே இறக்கிவிட்டு, "போதும் சார்" என்றார். அப்புறம், "அன்னிக்கு நீங்க இதைவிட வேகமா ஓடினீங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

10. தேர்வின் ஏழாம் வினா இது: எண்ணூறு கிலோ நிறையுள்ள மின்தூக்கியின் கயிறு முப்பது மீட்டர் உயரத்தில் அறுந்துபோகிறது. (அ) தரையைத் தொட ஆகும் நேரம் காண்க. (ஆ) தொடும்போது அதன் திசைவேகம் காண்க. (இ) நீவிர் கொண்ட எடுகோள்களைக் குறிப்பிட்டு, அவை உண்மை நிலைக்குப் பொருந்துமா என விவாதிக்க.

(அ), (ஆ) இரண்டையும் ஆறு வரியில் முடித்தேன். இரண்டரை நொடிக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு இருபத்துநாலு மீட்டர். அவை சரி என்று எனக்கு நிச்சயம். (இ) பிரிவில், பொருந்தாது என்று தொடங்கினேன். ஏன் பொருந்தாது என்று எழுதினேன். உண்மையில் எப்படி நடக்கும் என்று எழுதினேன். அதற்கு எண்கள் தேவைப்பட்டன. என்னிடம் இருந்த எண்களைப் போட்டேன். கேபின் தொள்ளாயிரம் கிலோ. மேலே நின்றவரும் கருவிப் பையும் எண்பது கிலோ. கவுண்டர் வெயிட் ஆயிரத்து நூற்றெழுபது கிலோ. சக்கரத்தின் சுழற்சிக்கு ஈடாக நூற்றைம்பது கிலோ. முடுக்கம் 0.81. நேரம் ஐந்து நொடி. கவுண்டர் வெயிட் அடியில் தட்டியதும் கயிறு தளர்ந்து, கேபின் தன் வேகத்திலேயே இன்னும் எண்பத்துநாலு சென்டிமீட்டர் எழும்பும். ஒரு மீட்டர் பத்தில் அது போனால் மீதி இருபத்தாறு சென்டிமீட்டர்.

இதில் உராய்வைச் சேர்க்கவில்லை. உராய்வு இருந்தால் நேரம் கூடும். எவ்வளவு என்று அளக்க வழியில்லாததால், ரெயிலில் இருந்த எழுபத்தெட்டு சென்டிமீட்டர் அடையாளத்திலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். ஐந்தே கால் நொடி வந்தது. கேபின் அதற்கு மேல் எழும்பாமல் நின்றது அவர் உடல் தடுத்ததால் இருக்கலாம் என்பதையும் எழுதினேன். அப்படியானால் வேகம் இன்னும் கூடுதலாகவும் நேரம் இன்னும் குறைவாகவும் இருந்திருக்கும். அவர் கூப்பிட்ட குரல் என் காதுக்கு வந்துசேர ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஆகும். அலைகள் பகுதியில் படித்ததை வைத்து அதையும் பார்த்தேன். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் விடை மாறவில்லை.

கடைசியில், வாசலிலிருந்து பிரேக்கை எட்ட ஆகும் ஆறு நொடிக்குப் பக்கத்தில் இந்த ஐந்தே கால் நொடியை எழுதி, அடியில் முடிவுரையாக "நேரம் போதவில்லை" என்று எழுதினேன். எழுதி அடிக்கோடிட்டேன். விடையை அடிக்கோடிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

11. விசாரணைக் குழுவின் முன் மே 29 அன்று அழைக்கப்பட்டேன். மூன்று உறுப்பினர்கள். மூவருமே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். என் விடைத்தாளின் கடைசிப் பக்கம் மேசையில் இருந்தது. "நேரம் போதவில்லை" என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. மூன்று மணி நேரத் தேர்வில் நேரம் பற்றாமல் போனதாகத் தேர்வாளரிடம் முறையிட்டு இரக்கம் தேடியிருக்கிறேன் என்றும், அதற்கு முந்தைய பக்கத்தில் குடும்பத் துயரம் ஒன்றை எழுதியிருக்கிறேன் என்றும் படித்துக் காட்டினார்கள். "இது யாருக்கு எழுதுன லெட்டர்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

அந்த இடத்தில் நான் விளக்கியிருக்க வேண்டும். இது கடிதம் இல்லை, விடை. அந்த நேரம் தேர்வு நேரம் இல்லை, லிஃப்ட் மேலே போன நேரம் என்று சொல்ல எட்டுப் பத்து வார்த்தைகள் போதும். மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு நாள்காட்டி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒத்துக்கிறீங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அந்தத் தலையாட்டலைத்தான் ஆணையில் "தவறை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார்கள். குழு மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த வரியை மட்டும் தனியாகப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தாள் ரத்து, அடுத்த ஒரு பருவம் தேர்வெழுதத் தடை. மற்ற வினாக்களில் எனக்கு ஐம்பத்தொரு மதிப்பெண் இருந்ததாகவும், தேர்ச்சிக்கு ஐம்பது போதும் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

12. ஜூன் 5ஆம் நாள் என் தங்கை இந்தக் கல்லூரிக்கு வந்தாள். 42ஆம் எண்ணுக்கு உரியவரின் மூலச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி அவளுக்குக் கடிதம் போயிருந்தது. அலுவலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில், தடை பெற்றோர் பட்டியலில், என் எண்ணும் காரணமும் ஒட்டியிருந்தன. காரணம் என்ற இடத்தில், "நேரம் போதவில்லை எனத் தேர்வாளரிடம் வேண்டுகோள்" என்று தட்டச்சு செய்திருந்தது.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவளாக என் வீட்டுப் படி ஏறியது அதுவே முதல் தடவை. சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் மனைவி கொண்டுவந்த டீயைத் தொடவில்லை. "என்னண்ணா எழுதுன?" என்று கேட்டாள். சொன்னேன். பத்து மீட்டர், ஐந்தே கால் நொடி, வாசலிலிருந்து ஓடிப் பார்த்தது, எல்லாம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நான் முடித்த பிறகு, "கணக்கைச் சரியா போட்டியா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

13. இதை ஏன் வேறு எங்கும் கேட்கவில்லை என்று தாங்கள் நினைக்கலாம். மறுநாளே ஆசிரியையிடம் போனேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, "அந்த வினாத்தாளைத் தயார் பண்ணுனது நான்தான் சார்" என்றார். பிறகு, "பேப்பர் கேஸ்ல இருக்கு, நான் இப்ப அதைத் தொட்டா உங்களுக்குத்தான் சிக்கல். கன்ட்ரோலருக்கு எழுதுங்க, அவர் அனுப்பினா நான் பாக்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். வீட்டில் அதே கணக்கைத் திரும்பப் போட்டு வேறு யாரிடமாவது காட்டலாம் என்றும் உட்கார்ந்து பார்த்தேன். தேர்வு அறையில் எப்படிப் போட்டேனோ தெரியவில்லை. இப்போது "மேலே நின்றவரின் எடை" என்ற வரிக்கு மேல் கை போகவில்லை. முழுக் கணக்கும் இருப்பது தங்கள் அலுவலகத்தில் இருக்கும் அந்த நான்கு பக்கங்களில் மட்டுமே.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். ஐந்து நொடி என்று வந்தால் யாருக்கு நல்லது என்பதும் எனக்குத் தெரியும். சக்கரத்தின் ஈடு நூற்றைம்பது கிலோ என்று நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். அளந்ததில் எங்காவது கை சாய்ந்ததா, வேண்டும் என்ற விடையை நோக்கி எண்களைத் தள்ளினேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்யாமலும் அப்படி நடக்கலாம் என்று செய்முறை வகுப்பில் பிழைகளைப் பற்றிச் சொன்னபோது கேட்டிருக்கிறேன். அதனால்தான் என்னை அறியாத, எனக்காக இரக்கப்படாத ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

14. ஆகவே நான் தங்களிடம் கோருவது:

(அ) ஆணையிலும் அறிவிப்புப் பலகையிலும் உள்ள "வேண்டுகோள்" என்ற சொல்லை நீக்க வேண்டும். நான் அந்தத் தாளில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தடையை நீக்குவதும் தொடர்வதும் தங்கள் முடிவு. அடுத்த பருவம் மறுபடி முதல் பாடத்திலிருந்து படிக்கச் சொன்னாலும் படிக்கிறேன்.

(ஆ) ஏழாம் வினாவின் (இ) பிரிவை, பக்கம் 17 முதல் 20 வரை, இயற்பியல் நன்கு அறிந்த ஒருவரிடம் அனுப்பி, வரிக்கு வரி திருத்தித் தரச் செய்ய வேண்டும். மதிப்பெண் போட வேண்டாம். போட்டாலும் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்போது அந்த நான்கு பக்கங்களின் மேலும் மூலைக்கு மூலை ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்து, சரியா தவறா என்று தெரிந்துகொள்ள முடியவில்லை.

நான் அளந்த அளவுகள் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்துபவர் என் அளவை நம்ப வேண்டியதில்லை. கட்டடத்தின் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, யார் வந்தாலும் டேப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விடை சரி என்றால், சரி என்று ஒரு வார்த்தை போதும். தவறு என்றால், எந்த வரியில் தவறு, திருத்தினால் எத்தனை நொடி வருகிறது என்று எழுதித் தர வேண்டும். ஆறு என்றாலும், ஏழு என்றாலும், அவர்கள் சொன்ன பத்தே என்றாலும் அந்த எண்ணை அப்படியே எழுதித் தாருங்கள். என் மனம் நோகுமே என்று யாரும் தயங்க வேண்டாம். என் தங்கை கேட்ட கேள்விக்கு ஒரு தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை, எதுவாக இருந்தாலும், தெரிந்து சொல்ல வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

(கையொப்பம்)
பதிவெண் 41

இடம்: கல்லூரி நூலகம்
நாள்: ஜூன் 14